வவுனியாவிலிருந்து குழு அறைக்கு: பாராளுமன்றக் குழுக்களில் தொலைவழிப் பங்கேற்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் விடயம் ஒன்றுதான். இலங்கையின் வடக்கே உள்ள வன்னித் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், பாராளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் நடைபெறும் குழுக் கூட்டமொன்றில் வவுனியாவிலோ மன்னாரிலோ முல்லைத்தீவிலோ இருந்தபடி பங்குகொள்ள அனுமதிக்கப்பட வேண்டுமா? அனுமதிப்பதாயின், எந்த நிபந்தனைகளோடு? அனுமதிக்க வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் திரையில் முகம் தெரிவது மட்டும் பங்கேற்பு ஆகிவிடாது. அறையில் பேசப்படுவது அதே கணத்தில் தமிழில் காதுக்கு வரவேண்டும். அறையில் விரிக்கப்படும் ஆவணம் அதே கணத்தில் கண்முன் இருக்கவேண்டும். இடைமறித்துக் கேட்கும் உரிமை அறையில் உள்ளவருக்கு இருப்பதுபோலவே தொலைவில் உள்ளவருக்கும் இருக்கவேண்டும். இம்மூன்றும் கிடைக்காத உறுப்பினர் வெறும் பார்வையாளராகிவிடுவார். அவர் வருகைப் பதிவேட்டில் இருப்பார், தீர்மானத்தில் இருக்கமாட்டார்.

வன்னியை ஏன் எடுத்துக்கொள்கிறேன் என்பதைச் சில எண்களைக் கொண்டு விளக்கலாம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்கள் சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி, மக்களின் பேச்சில் வன்னியாக இருந்தாலும், தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணத்தோடு சேர்கிறது. மூன்று மாவட்டங்களின் பரப்பளவு ஏறத்தாழ 6,580 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கைத் தீவின் பத்தில் ஒரு பங்கு. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் தேர்தல் மாவட்டங்களிலிருந்து நேரடியாகத் தெரிவாகும் 196 பேரில் வன்னிக்கு உரியவர்கள் ஆறு பேர். நிலத்தில் பத்துச் சதவீதமும் பிரதிநிதித்துவத்தில் மூன்று சதவீதமும் கொண்ட ஒரு பிரதேசத்தில், ஓர் உறுப்பினரின் ஒரு நாள் என்பது மற்ற இடங்களைவிட அதிகப் பெறுமதி உடையது.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. 2013ஆம் ஆண்டு தெரிவான வட மாகாண சபையில் வவுனியாவுக்கு ஆறு, மன்னாருக்கு ஐந்து, முல்லைத்தீவுக்கு ஐந்து என்று பதினாறு ஆசனங்கள் இருந்தன. அச்சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் மாகாண சபைத் தேர்தல் நடத்தப்படவில்லை. ஒரு குளத்தின் துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு) உடைந்தாலும், ஒரு பாடசாலைக்கு ஆசிரியர் இல்லாவிட்டாலும், அதைக் கேட்பதற்கென்று முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு சபை இருந்தது. இன்று தெரிவு செய்யப்பட்டவர்கள் என்ற தகுதியோடு அதைச் சட்டவாக்க மன்றமொன்றில் கேட்கக்கூடியவர்கள் அந்த ஆறு பேர்தான். அவர்கள் அதைக் கேட்கும் இடம் பெரும்பாலும் குழு அறைதான்.

குழு அறை என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சபையில் பேசும் உரை ஹன்சாட்டில் பதியும், மறுநாள் பத்திரிகையில் வரும், தொகுதி மக்கள் கைபேசியில் பார்ப்பார்கள். ஆனால் ஒரு திணைக்களத்தின் பணிப்பாளரை எதிரே அமர்த்தி, கோப்பைத் திறக்கவைத்து, ஒரு திகதியை வாங்கும் வேலை குழுக்களில்தான் நடக்கிறது. பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழுவும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும் பெயர் தெரிந்தவை. வன்னி மக்களின் அன்றாடத்தோடு நெருங்கியவை அவையல்ல. அமைச்சுசார் ஆலோசனைக் குழுக்கள், துறைசார் மேற்பார்வைக் குழுக்கள், பொது மனுக்கள் பற்றிய குழு ஆகியவையே இங்குள்ள காணி, குளம், கடல், வீதி ஆகியவற்றைத் தொடுகின்றன. ஆறு பேரின் எண்ணிக்கையை விடக் குழுக்களின் எண்ணிக்கை பன்மடங்கு. வன்னியின் ஓர் உறுப்பினர் ஒரு குழுவுக்கு வராவிட்டால், அந்த மேசையில் வன்னியைத் தெரிந்த வேறு எவரும் இல்லாதிருக்கக்கூடும்.

சட்டம் எங்கே நிற்கிறது

இது அரசியலமைப்பைத் திருத்தாமல் நடவாது என்று நினைப்பவர்கள் உண்டு. அரசியலமைப்பின் 72ஆம் உறுப்புரை, பாராளுமன்றத்தின் தீர்மானம் சமுகமளித்து வாக்களிக்கும் உறுப்பினர்களின் பெரும்பான்மையால் அமையும் என்கிறது. 73ஆம் உறுப்புரை கூட்ட நடப்பெண்ணை, அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையை, இருபதாக வைக்கிறது. 66ஆம் உறுப்புரை, அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் அமர்வுகளுக்கு வராதவரின் ஆசனம் வெற்றிடமாகும் என்கிறது. இம்மூன்றும் முழுச் சபையைப் பற்றியவை. பாராளுமன்றத்தின் அலுவல்களை ஒழுங்குபடுத்துவது 74ஆம் உறுப்புரைக்குக் கீழ் வருகிறது, அதைத் தீர்மானத்தாலோ, பாராளுமன்றம் தன் நடைமுறைக்கென ஆக்கும் விதியான நிலையியற் கட்டளையாலோ செய்யலாம். ஆகவே முழுச் சபையில் தொலைவழி வாக்களிப்பைக் கொண்டுவருவது பெரிய அரசியலமைப்புக் கேள்வியாக இருக்க, குழுவில் தொலைவழிப் பங்கேற்பை அனுமதிப்பது நிலையியற் கட்டளைகளில் ஒரு பந்தியைச் சேர்க்கும் அளவிலான வேலை என்றே நான் வாசிக்கிறேன். இந்த ஆய்வு குழுக்களோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறப்புரிமைச் சட்டத்தில் மட்டும் ஓர் இடத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பாராளுமன்றத்திலோ அதன் குழுவிலோ பேசியதற்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பை 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற (தத்துவங்களும் சிறப்புரிமைகளும்) சட்டம் தருகிறது. வவுனியாக் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) ஓர் அறையிலிருந்து பேசிய வாக்கியத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டென்று எழுத்தில் இருக்கவேண்டும். பிறகு வாதிட்டுப் பெறவேண்டிய ஒன்றாக அதை விட்டுவிடக் கூடாது.

பிற பாராளுமன்றங்கள் செய்தவை

அவுஸ்திரேலியா இதில் முன்னோடி. பெருந்தொற்றுக்கு நெடுநாள் முன்பே, அதன் பிரதிநிதிகள் சபையின் நிலையியற் கட்டளை 235, குழுக்கள் ஒலி, ஒளி இணைப்புகள் வழியே கூட இடமளித்திருந்தது. உறுப்பினர்களும் சாட்சிகளும் எங்கிருந்தாலும் ஒரே நேரத்தில் ஒருவரோடொருவர் பேசவும் ஒருவரையொருவர் கேட்கவும் இயலவேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ஒரு வரியில் முழு விடயமும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. அதே நாடு 2020இல் முழுச் சபையில் தொலைவழிப் பேச்சை அனுமதித்தபோது, அவ்வாறு பங்கேற்றவர்களை வாக்கெடுப்பிலும் கூட்ட நடப்பெண்ணிலும் சேர்க்கவில்லை. குழுவுக்கும் சபைக்கும் வேறு வேறு அளவுகோல் வைக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

பிரித்தானியப் பொதுச்சபை 2020 மார்ச் 24ஆம் திகதி தன் தெரிகுழுக்களில் தொலைவழிப் பங்கேற்பை அனுமதித்தது, ஏப்ரலில் சபையையே கலப்பு முறைக்கு மாற்றியது. 2021 ஜூலையோடு உறுப்பினர்களுக்கான ஏற்பாடு முடிவுக்கு வந்தது, ஆனால் சாட்சிகள் தொலைவிலிருந்து சாட்சியமளிப்பது தொடர்ந்தது. நியூசிலாந்து, எதிர்க்கட்சித் தலைவரின் தலைமையில் ஒரு தொற்றுப் பதிலளிப்புக் குழுவை 2020 மார்ச்சில் அமைத்து, முழுக்கக் காணொளி வழியே அமைச்சர்களை விசாரித்து, அதை நேரலையில் மக்களுக்குக் காட்டியது. இந்தியாவில் இரு அவைத் தலைவர்களும் குழுக்கள் காணொளியில் கூடுவதற்கு இணங்கவில்லை. குழு நடவடிக்கைகள் இரகசியமானவை என்ற விதியே காரணமாகக் காட்டப்பட்டது. அந்தக் காலத்தில் இலங்கையிலும் குழுக்கள் காணொளி வழியைப் பயன்படுத்தின. தொழில்நுட்பம் இங்கே புதிதல்ல. அதைத் தற்காலிக ஏற்பாடாக வைத்திருப்பதா, உரிமையாக எழுதுவதா என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி.

நமக்கு மிக நெருங்கிய பாடம் கனடாவில் இருக்கிறது. இரு மொழிகளில் இயங்கும் அந்தப் பாராளுமன்றம் கலப்பு முறையை 2023 ஜூனில் நிரந்தரமாக்கியது. அதற்குள் அதன் உரைபெயர்ப்பாளர்கள் பட்ட பாட்டை இங்கே யாரும் பேசுவதில்லை. தொலைவிலிருந்து மலிவான ஒலிவாங்கிகளில் பேசியவர்களின் கரகரத்த, ஏறி இறங்கும் ஒலியை மணிக்கணக்கில் காதில் வாங்கி மொழிபெயர்த்தவர்களுக்குக் காதிரைச்சலும் தலைச்சுற்றும் ஏற்பட்டன. 2022 ஒக்டோபரில் செனற் குழுவொன்றில் பணியாற்றிய உரைபெயர்ப்பாளர் ஒருவர் ஒலி அதிர்ச்சியால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2023 பெப்ரவரியில், சர்வதேசத் தரத்துக்கு அமைந்த ஒலிவாங்கி இல்லாதவரின் பேச்சை உரைபெயர்க்க வேண்டியதில்லை என்ற நிலை தொழிலாளர் சட்டத்தின் கீழ் உருவானது. பழைய தொலைபேசி வழி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியையே கடத்தும். உடனடி உரைபெயர்ப்புக்கான தரம் 125 முதல் 15,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கிறது. பேசுபவருக்கு அது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். கேட்டுக்கொண்டே இன்னொரு மொழியில் பேசுபவருக்கு அது ஒரு சொல்லைப் பிடிப்பதா விடுவதா என்ற வேறுபாடு.

தூரமும் அதன் விலையும்

முல்லைத்தீவு நகரிலிருந்து கோட்டேக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். புகையிரதம் அங்கு இல்லை. மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ வந்துதான் ஏற வேண்டும். மன்னாருக்குத் தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் கிடைத்தது. வவுனியா ஏ9 வீதியிலும் வடக்குப் புகையிரதப் பாதையிலும் இருப்பதால் ஓரளவு வசதியானது, ஆனால் அந்தப் பாதையும் 2023 ஜனவரி முதல் ஜூலை வரை அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே திருத்தத்துக்காக மூடப்பட்டிருந்தது. தேர்தல் மாவட்டத்தின் உள்ளேயே மன்னாரிலிருந்து முல்லைத்தீவுக்கு நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும்.

இந்தத் தூரம் ஒரு காலத்தில் உயிரோடு விளையாடியது. 2008 மார்ச் 6ஆம் திகதி, பாராளுமன்ற அமர்வை முடித்துவிட்டு வன்னிக்குத் திரும்பிக்கொண்டிருந்த யாழ் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் கி. சிவனேசன் ஏ9 வீதியில் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவருடைய வாகனச் சாரதியும் அதில் இறந்தார். போர் முடிந்துவிட்டது, வீதி திறந்திருக்கிறது, அந்த ஆபத்து இன்று இல்லை. ஆனால் ஒரு மக்கள் பிரதிநிதி தன் கடமைக்குச் சென்று திரும்பும் வழியே அவருக்கு முடிவாக அமைந்த ஒரு மண்ணில், "நேரில் வருவதுதானே மரபு" என்ற வாதத்தைச் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

தூரத்தைக் காட்டி மிகைப்படுத்தவும் கூடாது. வெளிமாவட்ட உறுப்பினர்களுக்குப் பாராளுமன்றத்துக்கு அருகே மாதிவெலவில் வீட்டு வசதி இருக்கிறது. பாராளுமன்றம் கூடும் வாரங்களில் அவர்கள் பெரும்பாலும் கொழும்பில்தான் இருப்பார்கள், குழுக்களும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் கூடும். ஆகவே அமர்வு வாரத்தில் வவுனியாவிலிருந்து திரையில் தோன்ற ஒருவருக்குப் பொதுவாகத் தேவை எழாது. தேவை எழுவது மற்ற வாரங்களில். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் ஒரு பக்கமும், அவசரமாகக் கூட்டப்பட்ட துறைசார் குழு மறுபக்கமும் நிற்கும்போது, இரண்டில் ஒன்றைக் கைவிடாமல் இருக்க இந்த வழி உதவும். நோயுற்ற உறுப்பினர், பிள்ளை பெற்ற உறுப்பினர் ஆகியோருக்கு இது இன்னும் வலுவான காரணம். ஸ்பெயின் பாராளுமன்றம் 2011 முதல் அவ்வாறானவர்களுக்குத் தொலைவழி வாக்கையே கொடுத்திருக்கிறது.

வெள்ளமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வீதிகளும் புகையிரதப் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. ஆனால் அப்போது தொலைத்தொடர்பும் பல இடங்களில் விழுந்தது. வீதி அறுந்தால் இணைப்பு காப்பாற்றும் என்று நம்பி விதி எழுதினால் அது தேவைப்படும் நாளில் கைகொடுக்காது. இணைப்புக்கு மாற்று வழியும் மின்பிறப்பாக்கியும் உள்ள நிலையான ஓர் அறை வேண்டும் என்று கேட்பதற்கு அதுதான் காரணம்.

ஒரு திரையின் முன்னால்

சில ஆண்டுகளுக்கு முன், வன்னியில் ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில், தலைநகரிலிருந்து காணொளி வழியே நடத்தப்பட்ட கூட்டமொன்றுக்கு உரைபெயர்க்க அமர்ந்திருந்தேன். அது பாராளுமன்றக் குழு அல்ல. ஆனால் அங்கே கண்டது இந்த ஆய்வுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

சுவரில் ஒரு தொலைக்காட்சி, மேசையில் ஒரு மடிகணினி, நடுவில் ஓர் ஒலிவாங்கி. எண்பது ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்களை, காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) முன் எவ்வாறு திருத்துவது என்பது நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கமக்காரர் அமைப்பின் தலைவர் ஒருவர், வயதானவர், தன் குளத்தின் விபரங்களைப் பாடசாலைக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். குளக்கட்டின் நீளம், துருசின் பலகை எந்த வருடம் மாற்றப்பட்டது, அலைகரையில் எத்தனை இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது என்று வரிசையாக இருந்தது. பேச்சு சிங்களத்தில் போயிற்று. நான் அவருடைய காதருகே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குளத்தின் பெயர் வந்தது. வான், அதாவது மிகை நீர் வழிந்தோடும் இடம், திருத்தப்பட்டுவிட்டது, வேலை முடிந்தது என்று திரையில் இருந்தவர் வாசித்தார். நான் அதைச் சொல்லி முடித்ததும் அவர், "வான் இல்லைத் தம்பி, துருசுதான் உடைஞ்சது, தண்ணி இப்பவும் ஓடுது" என்றார். நான் ஒலிவாங்கியை இழுத்துப் பேசினேன். மறுமுனையில் எங்கள் ஒலியை அடைத்து வைத்திருந்தார்கள். கையை உயர்த்தினேன். எங்கள் சதுரம் அவர்களுடைய திரையின் அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், எவரும் காணவில்லை. ஒலி திறக்கப்பட்டபோது மூன்று குளங்கள் கடந்துவிட்டன. பின்பு வந்த கூட்டறிக்கையில் அந்தக் குளத்துக்கு எதிரே, மாவட்டத் தரப்பு உடன்பட்டதாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் எங்கள் வருகை பதியப்பட்டது, எங்கள் அமைதி சம்மதமாக எழுதப்பட்டது. நாங்கள் வரவே இல்லையென்றால், "மாவட்டத் தரப்பு சமுகமளிக்கவில்லை" என்றாவது எழுதியிருப்பார்கள், அதை வைத்து மீண்டும் கேட்டிருக்கலாம். தொலைவழிப் பங்கேற்பில் நான் அஞ்சும் ஆபத்து இதுவே. ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கு இது நேருமானால், வன்னி மக்கள் சொல்லாத சம்மதம் ஒன்று அவர்களின் பெயரில் குழுவின் அறிக்கையில் ஏறிவிடும்.

இத்தகைய தவறு எவரும் வேண்டுமென்றே செய்வதல்ல, அமைப்பின் கோளாறு அது. பாராளுமன்றத்தில் உடனடி உரைபெயர்ப்பு நடக்கிறது, தமிழிலேயே தன் கடமைகளைச் செய்ய உறுப்பினருக்கு அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் அறையில் உள்ளவர் காதில் மாட்டும் கருவிக்குப் போகும் தமிழ் ஒலி, காணொளி இணைப்புக்குத் தானாகப் போகாது. உரைபெயர்ப்புக் கூண்டிலிருந்து தனிக் கம்பி எடுத்து, இணைப்பின் தமிழ் வழியில் கொடுக்க வேண்டும். சூம் போன்ற செயலிகளில் உரைபெயர்ப்பு வழிகளைக் கூட்டத்தை நடத்துபவர் முன்கூட்டியே ஏற்படுத்தி, உரைபெயர்ப்பாளரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். கூட்டம் தொடங்கியபின் நினைத்தால் நடவாது. இதைச் செய்யாமல், அறையின் பொது ஒலிவாங்கி ஒன்றை மட்டும் இணைப்பில் விட்டால், தொலைவில் இருப்பவருக்கு வருவது பேசுபவரின் மொழி, அதோடு கதிரை நகரும் சத்தம், பக்கத்தில் இருவர் குசுகுசுக்கும் சத்தம். எதிர்த் திசையிலும் இதுதான் நிலை. வவுனியாவிலிருந்து தமிழில் பேசும் உறுப்பினரின் ஒலி, கூண்டில் இருப்பவருக்குத் தெளிவாகப் போகாவிட்டால், அமைச்சின் செயலாளருக்குச் சிங்களத்தில் வருவது பாதி வாக்கியம்தான்.

தமிழ்-சிங்கள உடனடி உரைபெயர்ப்புக்கு ஆட்கள் போதாது என்பது இத்துறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் இருபது முப்பது நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து செய்தால் தரம் விழும், அதனால்தான் இருவர் மாறி மாறிச் செய்கிறார்கள். தொலைவழி ஒலி இன்னும் விரைவாகக் களைப்பைத் தரும். கனடா இதை உணர்ந்தது உரைபெயர்ப்பாளர்கள் நோயுற்ற பின்பு. நமக்கு அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

தொலைவில் இருப்பதே பலமாகும் இடம்

இவ்வளவு சிக்கல் இருக்க, ஏன் இதைக் கேட்க வேண்டும்? காணி விடயத்தை எடுத்துக்கொள்வோம். இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்து மீண்டவர்கள், தங்கள் வயல்கள் பற்றையும் மரமுமாக மாறி, வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கற்களுக்குள் அடங்கியிருப்பதைக் கண்டது வன்னி முழுவதும் தெரிந்த செய்தி. இவ்வகை முறைப்பாடுகள் குழுக்களுக்குப் போகின்றன. கோட்டேயில் அமர்ந்திருக்கும் உறுப்பினரிடம் இருப்பது ஒரு கடிதமும் ஒரு நிழற்பிரதியும். திணைக்களத்திடம் இருப்பது வர்த்தமானியும் செய்மதி வரைபடமும். "அந்த இடத்தில் நெல் விதைத்ததற்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்டால், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றுதான் சொல்ல முடியும். அடுத்த கூட்டம் எப்போது என்று எவருக்கும் தெரியாது.

அதே உறுப்பினர் வவுனியா அல்லது முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தின் ஓர் அறையிலிருந்து பங்கேற்றால், பக்கத்து அறையில் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேடு இருக்கும். உரிமையாளர் தன் அனுமதிப்பத்திரத்தோடு வாசலில் இருக்கலாம். அந்தக் குளத்துக்குரிய பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் பழைய அறிக்கை கமநல சேவை நிலையத்திலிருந்து சில நிமிடங்களில் வந்துசேரும். கேள்வி எழுந்த அந்தக் கூட்டத்திலேயே பதில் திரையில் தெரியும். தொலைவு குறையாகப் பேசப்படும் இடத்தில், சான்றுக்கு அருகில் இருப்பது உறுப்பினரின் பலமாக மாறுகிறது. மணல் அகழ்வு பற்றி மன்னாரிலிருந்தும், கரைவலை பற்றி முல்லைத்தீவுக் கரையிலிருந்தும் பேசுபவருக்கும் இதுவே பொருந்தும். கோட்டே வசதியில்லாத ஊர் என்பதால் நான் இதைக் கேட்கவில்லை. உண்மைக்குச் சாட்சி வன்னியில் இருக்கிறது என்பதால் கேட்கிறேன்.

பொது மனுக்கள் பற்றிய குழுவில் இது மேலும் தெளிவாகத் தெரியும். மனுவைச் சமர்ப்பிப்பவர் பாராளுமன்ற உறுப்பினர், விசாரணைக்கு அழைக்கப்படுபவர் மனுதாரர். நெடுங்கேணியிலிருந்து ஒரு விதவைத் தாய் தன் காணி மனுவுக்காகக் கோட்டேக்குப் போய் வருவதென்றால் இரண்டு நாள் கூலியும் பஸ் கட்டணமும் ஓர் இரவுத் தங்கலும் வேண்டும். உறுப்பினரும் மனுதாரரும் வவுனியாவில் ஒரே அறையில் அருகருகே இருந்து குழுவின் முன் தோன்ற முடிந்தால், அது இருவருக்குமே பெரிய மாற்றம்.

மறுப்புகள்

இரகசியம் பற்றிய மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். வன்னியில் அது வெறும் விதிமுறைக் கேள்வி அல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 முதல் வீதியோரத்தில் போராடிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. யார் கூட்டத்துக்கு வந்தார், யார் என்ன சொன்னார் என்று பின்னர் விசாரிக்கப்படும் அச்சம் இங்கே இன்னும் போகவில்லை. மூடிய அமர்வில் எடுக்கப்படும் சாட்சியத்தை, யார் கதவுக்கு வெளியே நிற்கிறார் என்று குழுவின் செயலாளருக்குத் தெரியாத ஓர் அறையிலிருந்து கேட்பது சரியல்ல. ஆகவே மூடிய அமர்வுகள் நேரில் மட்டுமே நடக்க வேண்டும். வீட்டிலிருந்தோ வாகனத்திலிருந்தோ கைபேசியில் இணைவதற்கும் எந்த அமர்விலும் இடமிருக்கக் கூடாது. அருகில் இருப்பவர் காதில் ஓதிக்கொடுப்பதையோ மிரட்டுவதையோ கண்டுகொள்ள வழி இல்லாத இடத்திலிருந்து ஒரு மக்கள் பிரதிநிதி பேசக் கூடாது.

தேநீர் இடைவேளையின் பெறுமதியைச் சுட்டிக்காட்டும் மறுப்பும் உண்மையானது. அமைச்சின் செயலாளரை நடைபாதையில் நிறுத்தி இரண்டு நிமிடம் பேசி முடிக்கும் காரியம், எழுத்தில் ஆறு மாதம் எடுக்கும். தொலைவில் இருப்பவர் அதை இழப்பார். இதைவிட ஆழமான ஓர் அச்சமும் எனக்கு உண்டு. எண்ணிக்கையில் சிறிய மக்களின் பிரதிநிதிகளுக்கு, "நீங்கள் திரையில் வாருங்கள்" என்பது நாளடைவில் வழமையாகி, குழு அறையின் மேசையில் அவர்களுடைய கதிரை இல்லாமலே போய்விடக்கூடும். அதனால் தொலைவழிப் பங்கேற்பைக் கேட்கும் உரிமை உறுப்பினருடையதாக மட்டும் இருக்க வேண்டும். தவிசாளரோ செயலகமோ அதை அவர்மீது சுமத்தக் கூடாது. ஓர் ஆண்டில் ஒரு குழுவின் கூட்டங்களில் பாதிக்காவது உறுப்பினர் நேரில் வரவேண்டும் என்ற எல்லையையும் நான் ஆதரிக்கிறேன்.

ஒருவர் இரு கூட்டங்களில் ஒரே நேரத்தில் இணைந்துவிடுவார் என்ற மறுப்புக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. குறித்த அறை, குறித்த அலுவலர், ஒரு கூட்டம் என்றால் அது நடவாது.

விதி எப்படி அமையலாம்

அறை முதலில். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்களில் ஒவ்வோர் அறை, பாராளுமன்றச் செயலாளர் நாயகத்தின் பொறுப்பில், கூட்ட நேரத்துக்கு மட்டும் பாராளுமன்றத்தின் ஒரு பகுதியாகக் கருதப்பட வேண்டும். அங்கே பாராளுமன்ற அலுவலர் ஒருவர் இருந்து, அறையில் யார் யார் உள்ளனர் என்பதைப் பதிவார். தரமான ஒலிவாங்கியும் காதுக் கருவியும் அந்த அறையின் சொத்து, உறுப்பினர் கொண்டுவருவன அல்ல.

இணைப்பில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று வழிகளும் கூட்டம் தொடங்குமுன் சோதிக்கப்பட்டு, அது கூட்டறிக்கையின் முதல் வரியாகப் பதியப்பட வேண்டும். நிகழ்ச்சி நிரலும் ஆவணங்களும் குறைந்தது இரண்டு வேலை நாட்களுக்கு முன் அந்த அறைக்கு வரவேண்டும், தமிழிலும் வரவேண்டும். அறையில் இறுதி நேரத்தில் மேசையில் வைக்கப்படும் ஆவணம், அது தொலைவில் உள்ளவரின் திரையில் தெரியும்வரை விவாதத்துக்கு எடுக்கப்படக் கூடாது. தொலைவில் உள்ளவரின் ஒலியை அடைக்கும் அதிகாரம் தவிசாளருக்கு மட்டும் இருக்கட்டும், அடைத்தால் அது குறிப்பில் ஏறட்டும். எந்தத் தீர்மானத்தையும் எடுக்குமுன் தவிசாளர் தொலைவில் உள்ள உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்க வேண்டும், அவர் வாய் திறந்து சொல்லாத சம்மதம் எழுதப்படக் கூடாது.

கூட்ட நடப்பெண்ணைப் பொறுத்தவரை, விசாரணைக்கும் கலந்துரையாடலுக்கும் தொலைவில் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளலாம். குழுவின் அறிக்கையை ஏற்கும் வாக்கெடுப்பில், தொடக்கத்தில் நேரில் உள்ளவர்களை மட்டும் எண்ணுவது பாதுகாப்பானது. தொலைவில் உள்ளவரின் மாற்றுக் கருத்தை அறிக்கையோடு இணைக்கும் உரிமை மட்டும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

இதை எல்லாக் குழுக்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கத் தேவையில்லை. பொது மனுக்கள் பற்றிய குழுவில், வவுனியா அறை ஒன்றோடு, ஓர் ஆண்டுக்குத் தொடங்கலாம். அந்த ஆண்டில் தொலைவில் இருந்தவர் எத்தனை தடவை பேசினார், பேசக் கேட்டதற்கும் பேசியதற்கும் இடையே எவ்வளவு நேரம் சென்றது, தமிழ் ஒலி எத்தனை தடவை அறுந்தது என்பவற்றைக் குழுவின் செயலாளர் பதிந்து சபைக்கு வைக்க வேண்டும். தமிழ் ஒலி அறுந்தால் கூட்டம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அது மீண்டும் வந்தபின், அறுந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நிலையியற் கட்டளைகள் பற்றிய குழுவின் முன் இந்தக் கோரிக்கையை வைக்க வன்னியின் ஆறு உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி ஒரே பிரேரணையில் கையெழுத்திடலாம்.